‘ஆர்கானிக் புழு மருந்து’ என்று கொடுத்தால் வாங்காதீர்கள்: என் கோஸ் காடு போன கதை

நீலகிரியில் கோஸ், காலிஃபிளவர், முள்ளங்கி போடுகிறவர்கள் இதைப் படித்துவிட்டு அப்புறம் மருந்துக் கடைக்குப் போங்கள். கடையின் பெயரை நான் எழுதப் போவதில்லை. எனக்கு நடந்தது உங்களுக்கு நடக்கக் கூடாது, அவ்வளவுதான்.

கேத்தி பக்கம் ஒன்றரை ஏக்கர் குத்தகைக்கு எடுத்துக் கோஸ் நட்டிருந்தேன். மருந்து எச்சம் இல்லாத காயாக இருந்தால் மண்டி விலைக்கு மேல் கிலோவுக்கு 6 ரூபாய் தருவதாகக் கோவை வியாபாரி ஒருவர் சொல்லியிருந்தார். நட்டு 40 நாள் ஆனபோது இலையில் ஜன்னல் ஜன்னலாகச் சுரண்டல் தெரிந்தது. திருப்பிப் பார்த்தால் சின்னப் பச்சைப் புழு. விரல் பட்டதும் துடித்துப் பின்னால் போய் நூல் விட்டுத் தொங்கியது. வைரமுதுகு அந்துப்பூச்சியின் புழுதான், சந்தேகமே இல்லை.

டவுனில் உள்ள கடைக்குப் போய், ரசாயனம் வேண்டாம், பி.டி. (புழுவைக் கொல்லும் பாக்டீரியா மருந்து) இருந்தால் கொடுங்கள் என்று கேட்டேன். அவர் வேறொரு பாட்டிலை எடுத்து வைத்தார். “பி.டி.யெல்லாம் லேட்டுங்ண்ணா. இதுல பி.டி.யும் இருக்கு, வேம்பும் இருக்கு. முழுக்க ஆர்கானிக். டேங்க்குக்கு 30 மில்லி போதும்.” லிட்டர் 1,150 ரூபாய். பில் கேட்டதற்கு ‘எஸ்டிமேட்’ என்று எழுதிய துண்டுச் சீட்டு கொடுத்தார். பாட்டிலில் ஒரு வேப்பிலைப் படம், ‘பயிர் ஊக்கி’ என்ற எழுத்து. புழுவைப் பற்றி ஒரு வார்த்தைகூட அதில் இல்லை. நான் அதைக் கவனிக்கவில்லை.

காலை 7 மணிக்கு அடித்தோம். 9 மணிக்குள் புழு எல்லாம் சுருண்டு கொட்டிவிட்டது. எனக்கு அவ்வளவு சந்தோஷம். அந்த இடத்திலேயே நான் சந்தேகப்பட்டிருக்க வேண்டும். பி.டி. என்பது ஒரு பாக்டீரியா. புழு அதைத் தின்றால்தான் வேலை செய்யும். தின்ற புழு சில மணி நேரத்தில் மேய்ச்சலை நிறுத்திவிடும், ஆனால் சாக இரண்டு மூன்று நாள் ஆகும். வேம்பும் மெதுவாகத்தான் வேலை செய்யும். இரண்டு மணி நேரத்தில் புழு கொட்டுகிறது என்றால் உள்ளே இருப்பது வேறு சரக்கு.

மறுநாள் செடிக்கடியில் பொறிவண்டுகள் கால் மேலே தூக்கிக் கிடந்தன. ஒன்று இரண்டு இல்லை, கை நிறையப் பொறுக்கினேன். பொறிவண்டைக் கொல்லும் வேலை பி.டி.க்குக் கிடையாது.

12 நாளில் புழு திரும்ப வந்தது, முன்னைவிட அதிகமாக. கூடவே, தின்னப் பொறிவண்டு இல்லாததால், சாறு உறிஞ்சும் அசுவினிப் பூச்சியும் வந்து குருத்தெல்லாம் பிசுபிசுத்தது. மறுபடி அடித்தேன். இந்த முறை பாதிப் புழுதான் விழுந்தது. மூன்றாவது தடவை அடித்தபோது அதுவும் இல்லை, வெளி இலைகள் சல்லடை ஆகிவிட்டன.

பக்கத்துக் காட்டு அக்கா அந்தப் பருவம் எதுவுமே அடிக்கவில்லை. அவருக்கும் புழு இருந்தது, ஆனால் கோஸ் உருண்டு திரண்டு நின்றது. இலையைத் திருப்பிக் காட்டினார். வலை பின்னின மாதிரி இருக்கும் அந்தக் கூட்டுக்குள் இளம்பச்சையாக, முனை கூராக இருந்தால் அது அந்துப்பூச்சியாக வரும் கூட்டுப்புழு. அதே வலைக்குள் பழுப்பு நிறத்தில், இரண்டு முனையும் மழுங்கி, குட்டிப் பீப்பாய் போல இருந்தால் அது குளவி. டயடெக்மா என்கிற ஒட்டுண்ணிக் குளவி உயிருள்ள புழுவுக்குள் முட்டை வைக்கும். புழு தின்றுகொண்டே இருக்கும், தன் வலையையும் பின்னும். அதற்குப் பிறகு உள்ளே இருக்கிற குளவிக் குஞ்சு அதைத் தின்று தீர்த்துவிட்டு அங்கேயே கூடு கட்டும். குளிர்ந்த இடம் இதற்குப் பிடிக்கும், அதனால்தான் நம் மலையில் தங்கியிருக்கிறது. அக்கா காட்டில் 20 கூடு எண்ணினோம், 13 பழுப்பு. என் காட்டில் 20-க்கு ஒன்றுதான் தேறியது. காசு கொடுத்து என் குளவிகளை நானே கொன்றிருக்கிறேன். இதை நினைத்தால் இன்றும் வயிறு எரிகிறது.

இந்த வைரமுதுகு அந்துப்பூச்சி லேசுப்பட்டது இல்லை. 1953-லேயே ஜாவாவில் டி.டி.டி. மருந்துக்கு அசையாமல் நின்ற பூச்சி இது. அதற்குப் பின் வந்த மருந்து வகைகள் ஒவ்வொன்றையும் எங்காவது ஓரிடத்தில் தாங்கிப் பழகிவிட்டது. குளவிக்கு அந்தப் பழக்கம் கிடையாது, முதல் தெளிப்பிலேயே போய்விடும். தப்பிய புழுவைத் தடுக்கக் காட்டில் ஆளே இருக்காது.

கோவை வியாபாரி என் கோஸிலிருந்து மாதிரி எடுத்து ஆய்வகத்துக்கு அனுப்பினார். சைபர்மெத்ரின் என்கிற ரசாயனப் பூச்சிக்கொல்லி இருப்பதாக அறிக்கை வந்தது. சரக்கை வேண்டாம் என்றுவிட்டார். நல்லதைப் பொறுக்கி மேட்டுப்பாளையம் மண்டிக்கு அனுப்பினேன், வண்டி வாடகையும் அறுப்புக் கூலியும் போகக் கையில் எதுவும் மிஞ்சவில்லை. கடைக்காரரிடம் அறிக்கையைக் காட்டினேன். “எங்க கடையில வாங்குனதுக்கு பில் இருக்குங்களா?” என்றார். துண்டுச் சீட்டில் கடையின் பெயரே இல்லை. “அதுல பயிர் ஊக்கின்னுதானே போட்டிருக்கு, புழுவுக்குன்னு நாங்க சொல்லலையே” என்றும் சொல்லிவிட்டார்.

‘பயிர் ஊக்கி’ என்று எழுதியதில்தான் சூட்சுமம் இருக்கிறது. 1968-ஆம் ஆண்டு பூச்சிக்கொல்லிச் சட்டப்படி பி.டி., வேம்பு மருந்து உட்பட எல்லாப் பூச்சி மருந்துக்கும் பதிவு வேண்டும். லேபிளில் பதிவு எண், தொகுதி எண், தயாரித்த தேதி, காலாவதி தேதி இருக்கும். சதுரத்தைச் சாய்த்து நிறுத்திய மாதிரி ஒரு கட்டமும் இருக்கும், அதன் கீழ்ப்பாதி சிவப்பு, மஞ்சள், நீலம், பச்சை இவற்றில் ஏதாவது ஒரு நிறத்தில். அந்தக் கட்டம் இல்லாத பாட்டிலைப் புழுவுக்கு என்று யார் கொடுத்தாலும் வாங்காதீர்கள். தொகுதி எண் எழுதிய சரியான பில் இல்லாமல் காசு கொடுக்காதீர்கள்.

இந்த முறை கடுகு விதைத்திருக்கிறேன். 25 வரிசைக் கோஸுக்கு இரண்டு வரிசைக் கடுகு: ஒன்று கோஸ் நடுவதற்கு 15 நாள் முன்பு, இன்னொன்று நட்டு 25 நாள் கழித்து. பெங்களூரு தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனம் சொல்லும் முறை. அந்துப்பூச்சி கடுகைத் தேடிப்போய் முட்டை வைக்கும். தேவைப்பட்டால் பதிவு எண் உள்ள பி.டி.யை மட்டும் சாயங்காலத்தில் அடிப்பேன், வெயிலில் அது சீக்கிரம் கெட்டுவிடும்.

நான் வாங்கியதில் மூடி திறக்காத ஒரு பாட்டில் அப்படியே இருக்கிறது. 1915 நுகர்வோர் எண்ணில் புகார் பதிந்துவிட்டேன், தோட்டக்கலை அலுவலகத்திலும் எழுதிக் கொடுத்திருக்கிறேன். வேப்பிலைப் படம் போட்ட ‘பயிர் ஊக்கி’யைப் புழு மருந்து என்று யாராவது உங்களுக்கு விற்றிருந்தால் பாட்டிலைத் தூக்கி எறியாதீர்கள். லேபிளைக் கிழிக்காமல் வையுங்கள், துண்டுச் சீட்டானாலும் பத்திரமாக வையுங்கள். எனக்குத் தெரியப்படுத்துங்கள், சேர்ந்தே மனு கொடுப்போம்.