குஞ்சுகளைக் காப்பாற்றிய செடிகள்: வெள்ளவத்தை வீட்டில் நான்கு ஆண்டுகள்

2021இல் வெள்ளவத்தைத் தொடர்மாடி வீட்டில் இரண்டடித் தொட்டி ஒன்றில் கப்பி மீன் வளர்க்கத் தொடங்கினேன். முதல் தாய் மீன் ஒரு மாலையில் முப்பது குஞ்சுகளுக்குக் குறையாமல் போட்டது. விடிந்து பார்த்தால் நாலே நாலு. மீதியைப் பெரிய மீன்கள் தின்றுவிட்டன, பெற்ற தாயும் சேர்ந்துதான். தொட்டியில் செடி இல்லாமல் இல்லை. ஆனால் இருந்ததெல்லாம் அமேசன் சுவோர்டும் அனுபியாசும். அந்த அகன்ற இலைகளுக்குப் பின்னால் ஒரு குஞ்சு எவ்வளவு நேரம் ஒளிந்திருக்க முடியும்?

அதற்குப் பிறகுதான் நுண்ணிலைச் செடிகளைத் தேடினேன். முதலில் வாங்கியது கபோம்பா. பச்சை இறகுபோல அவ்வளவு அழகு. மூன்று வாரத்தில் அடித்தண்டு மொட்டையாகி, உதிர்ந்த இலை பில்டர் ஸ்பொஞ்சை அடைத்துவிட்டது. அதற்கு நல்ல வெளிச்சம் வேண்டும். என் சாதாரண லைட் போதவில்லை. கப்பிப் புல் என்கிற இன்னொரு செடி குஞ்சுகளுக்கு நல்ல மறைவுதான், ஆனால் தொட்டால் ஒடிகிறது.

கடைசியில் நிலைத்தது ஹோர்ன்வோர்ட். வந்த முதல் வாரம் ஊசி இலைகளை மழையாகக் கொட்டியது, எறியவே போனேன். நீர் மாறினால் அது அப்படித்தான் செய்யும், நுனி பச்சையாக இருந்தால் தேறிவிடும். வேர் கிடையாது, நடவும் வேண்டாம், மிதக்க விட்டால் போதும். கப்பிக் குஞ்சு பிறந்ததும் பெரும்பாலும் நீர்மட்டத்துக்குத்தான் போகிறது, அதனால் மறைவும் அங்கேதான் இருக்க வேண்டும். ஆறேழு மில்லிமீற்றர் குஞ்சு அந்த ஊசிகளுக்குள் புகுந்து ஓடும், வயிறு பெருத்த தாயால் பின்தொடர முடியாது. சித்திரை வெயிலில் தொட்டி நீர் 30 பாகை வரை ஏறும்போதும் இந்தச் செடி வாடுவதில்லை. மீன் கழிவிலிருந்து வரும் அமோனியாவையும் உறிஞ்சிக்கொள்கிறது.

ஒரு எச்சரிக்கை. 2022 மார்ச் இறுதியில் மின்வெட்டு 13 மணித்தியாலம் வரை போனது நினைவிருக்கும். பில்டர் நின்றுவிட்டது. பகலில் செடி ஒட்சிசன் தரும், இருட்டினால் அதுவும் மீனோடு சேர்ந்து ஒட்சிசனை எடுக்கும். ஒரு விடியற்காலையில் பெரிய மீன் இரண்டு செத்துக் கிடந்தன. அன்றிலிருந்து மாலையில் பாதிச் செடியை அள்ளிப் பல்கணி வாளியில் போட்டுவைத்தேன், பிறகு சாவு இல்லை. இப்போதும் வாரம் ஒருமுறை வெட்டிக் குறைக்கிறேன். வெட்டியதைப் பூச்சாடி மண்ணில் புதைப்பேன், எந்தத் தொட்டிச் செடியையும் கால்வாய்ப் பக்கம் கொண்டுபோவதே இல்லை. கபோம்பா அமெரிக்கக் கண்டத்துச் செடி, நம் நீர்நிலையில் பரவினால் பிடுங்கி முடியாது.

கப்பியோடு செர்ரி இறால் என்கிற சின்ன நன்னீர் இறாலும் வளர்த்தேன், அதற்குக் கணக்கு வேறு. அதன் குஞ்சு இரண்டு மில்லிமீற்றர் அளவில், தாயின் அச்சாகவே பிறந்து அடியில் ஒட்டிக்கொண்டு மேயும். அதற்கு ஜாவா பாசி (ஜாவா மொஸ்) என்கிற செடியை மிஞ்ச ஒன்றுமில்லை. பாசியின் மேல் படியும் நுண்ணுயிர்ப் படலம்தான் அதன் சாப்பாடு, ஒளிகிற இடமும் அதுவே. அவித்தெடுத்த சிரட்டையில் கறுப்பு நூலால் பாசியைச் சுற்றிக் கட்டினேன், ஒரு வருடத்தில் சிரட்டையே தெரியவில்லை. நம் சூட்டுக்கு மெதுவாகத்தான் வளரும், வெளிச்சம் கூடினால் நூல்பாசி சிக்கிக்கொள்ளும், ஆகவே நிழலான மூலையில் வையுங்கள். கப்பியோடு இருந்தபோது பாசி இருந்தும் சில குஞ்சுகளே மிஞ்சின. தனித் தொட்டிக்கு மாற்றிய பிறகுதான் இறால் பெருகியது.

அங்கேயும் ஒரு தடவை இறால்கள் நாளுக்கு நாள் குறைந்தன. காரணம் புரியாமல் பாசியை வாளியில் உதறிப் பார்த்தால் கட்டைவிரல் நகமளவு தும்பிப் புழு ஒன்று! கடையில் வாங்கிய செடியோடு வந்திருக்கிறது. அப்புறம் எந்தச் செடியையும் பத்து நாள் தனி வாளியில் வைத்து, தினமும் நீர் மாற்றித்தான் சேர்க்கிறேன். ஒட்டியிருக்கும் பூச்சிமருந்தும் கழுவப்படும், இறாலுக்கு அது நஞ்சு.

போன மாதம் தெஹிவளையில் இருக்கும் அக்கா மகளுக்கு ஒரு பிடி ஹோர்ன்வோர்ட் கொடுத்துவிட்டேன். நாலாம் நாள் போன் வந்தது. "மாமா, எல்லாம் கொட்டிப் போட்டுது."

"நுனி பச்சையா இருக்கோ பார்."

"ஓம், இருக்கு."

"அப்ப எறிஞ்சு போடாதை, பிள்ளை. இன்னும் பத்து நாள் பொறு."