ஃப்ளோரிடா ஸ்டேட்டா, அலபாமாவா: அந்த நான்காவது இடம் யாருக்குச் சேர வேண்டியது?

2023 டிசம்பர் 3 அன்று அமெரிக்கக் கல்லூரிக் கால்பந்தின் (கையால் எறிந்தும் ஏந்தி ஓடியும் ஆடும் அமெரிக்க ஃபுட்பால்) பிளேஆஃப் கமிட்டி, தேசியக் கோப்பைக்கான அரையிறுதிகளில் ஆட நான்கு அணிகளை அறிவித்தது. மிச்சிகன், வாஷிங்டன், டெக்சஸ், அலபாமா. 13 ஆட்டங்கள் ஆடி 13-ஐயும் வென்று, தன் கான்ஃபரன்ஸான (தங்களுக்குள் ஆடும் அணிகளின் குழு) ஏ.சி.சி.யின் பட்டத்தையும் வாங்கிய ஃப்ளோரிடா ஸ்டேட்டுக்கு ஐந்தாம் இடம். நான்கு அணி பிளேஆஃப் நடந்த பத்து ஆண்டுகளில், பெரிய ஐந்து கான்ஃபரன்ஸ்களில் ஒன்றில் தோல்வியே இல்லாமல் பட்டம் வென்ற அணியை வெளியே நிறுத்தியது அந்த ஒரு முறைதான். அது தவறான முடிவு என்பது என் கருத்து. ஆனால் அலபாமாவின் பக்கம் வலுவில்லாத பக்கம் அல்ல. இரண்டு அணிகளையும் அருகருகே வைத்துப் பார்த்தால்தான் தவறு எந்த இடத்தில் நடந்தது என்று பிடிபடும்.

இந்தச் சண்டை ஏன் வருகிறது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். ஐ.பி.எல்.லில் பத்து அணிகள், ஆளுக்கு 14 ஆட்டம், புள்ளிப்பட்டியல் பார்த்தால் முடிந்தது. கல்லூரிக் கால்பந்தின் மேல்தட்டில் 2023-இல் 133 அணிகள் இருந்தன. ஒவ்வொன்றும் ஆடுவது 12 ஆட்டம், கான்ஃபரன்ஸ் இறுதிக்குப் போனால் 13. பெரும்பாலான அணிகள் ஒன்றையொன்று சந்திப்பதே இல்லை. அதனால் 12-1 (12 வெற்றி, ஒரு தோல்வி) என்ற கணக்கைத் தனியாக வைத்து எதுவும் சொல்ல முடியாது. அந்தப் பன்னிரண்டும் யாரை எதிர்த்து வந்தவை என்று கேட்டாக வேண்டும். ஸ்ட்ரெங்த் ஆஃப் ஷெட்யூல் என்பது இந்தக் கேள்விதான்.

அந்த ஆண்டு முடிச்சு இறுகியது டிசம்பர் 2 அன்று. அதற்கு முந்தைய செவ்வாய்க்கிழமை வந்த தரவரிசையில் ஜார்ஜியா முதலிடம், ஃப்ளோரிடா ஸ்டேட் நான்காமிடம், டெக்சஸ் ஏழு, அலபாமா எட்டு. சனிக்கிழமை அட்லாண்டாவில், இருவரின் கான்ஃபரன்ஸான எஸ்.இ.சி.யின் இறுதியில், அலபாமா 27-24 என்று ஜார்ஜியாவை வீழ்த்தியது. ஜார்ஜியா தொடர்ச்சியாக 29 ஆட்டங்கள் வென்று வந்த அணி. மிச்சிகனும் வாஷிங்டனும் தோல்வி இல்லாதவை, அவற்றில் யாருக்கும் சந்தேகமில்லை. டெக்சஸ் செப்டம்பரில் அலபாமாவின் சொந்த ஊரான டஸ்கலூசாவுக்கே போய் அலபாமாவை 34-24 என்று தோற்கடித்திருந்தது. ஆக, அலபாமாவை உள்ளே எடுத்தால் டெக்சஸை அதற்கு மேலே வைத்தே ஆக வேண்டும். மிச்சம் இருந்த இரண்டு இடத்துக்கு மூன்று பேர்.

அலபாமாவுக்காகப் பேசுகிறவர்கள் முதலில் காட்டுவது ஜார்ஜியா வெற்றி. நியாயம்தான், அந்த ஆண்டு வேறு எந்த அணியும் ஜார்ஜியாவை வெல்லவில்லை. ஓல் மிஸ்ஸை 24-10, டென்னசியை 34-20, எல்.எஸ்.யு.வை 42-28 என்று வென்றதும் கணக்கில் உண்டு. இந்த மூன்றில் ஓல் மிஸ் 11 வெற்றியோடும் எல்.எஸ்.யு. 10 வெற்றியோடும் ஆண்டை முடித்தன. ஒரே தோல்வி டெக்சஸிடம், அதுவும் பிளேஆஃபுக்குப் போன அணி. ஆட்டத்துக்கு ஆட்டம் எடுத்துக்கொண்டால் அலபாமா கடந்து வந்த பாதை ஃப்ளோரிடா ஸ்டேட்டின் பாதையைவிடக் கடினம். இதை மறுப்பதில் அர்த்தமில்லை.

அதே அலபாமா டெக்சஸிடம் தோற்ற மறுவாரம் சவுத் ஃப்ளோரிடாவுக்கு எதிராக 17 புள்ளிதான் எடுத்தது. அர்க்கான்சஸை மூன்று புள்ளி வித்தியாசத்தில் தாண்டியது. ஆபர்னில் 32 வினாடி மீதமிருக்க, நான்காவது முயற்சியில் 31 யார்ட் தூரத்திலிருந்து ஜேலன் மில்ரோ வீசிய பந்தை ஐசையா பாண்ட் பிடித்ததால்தான் 27-24 என்று பிழைத்தது. அந்தப் பந்து தவறியிருந்தால் இந்த வாதமே எழுந்திருக்காது. ஆபர்ன் அந்த ஆண்டு ஒன்றும் பெரிய அணி இல்லை.

சரி, ஃப்ளோரிடா ஸ்டேட். முதல் வாரமே ஆர்லாண்டோவில் எல்.எஸ்.யு.வை 45-24 என்று நொறுக்கியது. கிளெம்சனுக்குப் போய் கூடுதல் நேரத்தில் 31-24. டியூக்கை 38-20, மயாமியை 27-20, கடைசி வாரம் கெயின்ஸ்வில்லில் ஃப்ளோரிடாவை 24-15, ஏ.சி.சி. இறுதியில் லூயிவில்லை 16-6. நடுவில் பிட்ஸ்பர்க், வேக் ஃபாரஸ்ட் போன்ற சோர்ந்த அணிகளும் வந்துபோயின. பாஸ்டன் காலேஜிடம் 31-29 என்று தப்பித்ததும் உண்டு. ஜார்ஜியாவுக்கு நிகரான ஓர் அணியை அது எங்கும் சந்திக்கவில்லை.

இரண்டுக்கும் பொதுவான எதிராளி எல்.எஸ்.யு. ஒன்றுதான். ஃப்ளோரிடா ஸ்டேட் பொது மைதானத்தில் 21 புள்ளி வித்தியாசத்தில் வென்றது. அலபாமா சொந்த மைதானத்தில் 14. அந்த ஆட்டத்தின் கடைசிக் கால்பகுதியில், அந்த ஆண்டின் சிறந்த வீரருக்கான ஹைஸ்மன் விருது வாங்கிய எல்.எஸ்.யு.வின் ஜேடன் டேனியல்ஸ் அடிபட்டு வெளியேறினார் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கமிட்டியின் விதிமுறையில் பொது எதிராளியோடான முடிவு தெளிவாக எழுதப்பட்ட அளவுகோல்களில் ஒன்று. ஒரே ஓர் ஆட்டத்தை வைத்து இது அலபாமாவைவிட நல்ல அணி என்று சொல்லிவிட முடியாது. ஆனால் "ஏ.சி.சி. அணி, எஸ்.இ.சி.யில் தாங்காது" என்ற பேச்சுக்கு அது நேரான பதில்.

அந்தப் பேச்சைத்தான் நான் அதிகம் எதிர்க்கிறேன். ஏனென்றால் ஷெட்யூல் கணக்கின் பெரிய ஓட்டை அதற்குள்ளேதான் இருக்கிறது. 1998-இல், பிளேஆஃபுக்கு முன் இறுதி ஆட்டத்துக்கு இரண்டு அணிகளைத் தேர்ந்த பி.சி.எஸ். முறை தொடங்கியபோது ஷெட்யூலின் கடுமைக்கு ஒரு சூத்திரம் வைத்திருந்தார்கள். எதிராளிகளின் வெற்றி தோல்விக்கு மூன்றில் இரண்டு பங்கு எடை, எதிராளிகளின் எதிராளிகளுக்கு மூன்றில் ஒரு பங்கு. எளிமையாக, நேர்மையாகத் தெரிகிறது. ஆனால் ஒரு கான்ஃபரன்ஸுக்குள் ஒருவர் வென்றால் இன்னொருவர் தோற்கிறார். உள்ளே எத்தனை ஆட்டம் நடந்தாலும் மொத்தக் கணக்கு பாதிக்குப் பாதிதான். ஒரு கான்ஃபரன்ஸ் இன்னொன்றைவிடப் பலமானதா என்பதை அதற்கு வெளியே ஆடும் சில ஆட்டங்கள் மட்டுமே சொல்ல முடியும். 2023-இல் அந்த ஆட்டங்கள் என்ன சொல்லின? வழக்கமான சீசனில் ஏ.சி.சி.யும் எஸ்.இ.சி.யும் பத்து முறை மோதின. ஆறில் ஏ.சி.சி. வென்றது. டெக்சஸ் ஏ&எம் மயாமியிடம் தோற்றது, சவுத் கரோலினா நார்த் கரோலினாவிடமும் கிளெம்சனிடமும் தோற்றது, வேண்டர்பில்ட் வேக் ஃபாரஸ்டிடம் தோற்றது. மற்ற இரண்டு வெற்றிகள் ஃப்ளோரிடா ஸ்டேட்டுடையவை.

எதிர்ப்பக்கத்துக்கும் இதில் சான்று உண்டு. லூயிவில்லை கெண்டக்கி 38-31 என்று வென்றது, அந்தக் கெண்டக்கியை அலபாமா 49-21 என்று அடித்தது. ஜார்ஜியா, ஓல் மிஸ் இரண்டும் ஜார்ஜியா டெக்கைத் தோற்கடித்தன. உச்சியில் எஸ்.இ.சி. பலமாக இருந்தது, நடுப்பகுதியில் அவ்வளவு இல்லை என்பதே என் வாசிப்பு. ஆனால் ஷெட்யூல் பற்றிப் பேசும்போது மொத்தக் கான்ஃபரன்ஸுக்கும் உச்சியின் மதிப்பைக் கொடுத்துவிடுகிறார்கள்.

சராசரி என்பதிலேயே இன்னொரு சிக்கலும் இருக்கிறது. கற்பனையாக இரண்டு ஷெட்யூல் எடுத்துக்கொள்வோம். முதலாவதில் 12 ஆட்டத்திலும் ஒரு நல்ல அணிக்கு வெற்றி வாய்ப்பு 90 சதவீதம். இரண்டாவதில் பத்து ஆட்டம் கிட்டத்தட்ட உறுதி, 99 சதவீதம்; மீதி இரண்டு ஐம்பதுக்கு ஐம்பது. எதிர்பார்க்கும் வெற்றி முதலாவதில் 10.8, இரண்டாவதில் 10.9. ஆக, சராசரிப்படி இரண்டாவது ஒரு துளி எளிது. ஆனால் தோல்வியே இல்லாமல் முடிக்கும் வாய்ப்பு முதலாவதில் 28 சதவீதம், இரண்டாவதில் 23-க்கும் குறைவு. உச்சத்தில் இருக்கிற அணிக்கு எது கடினம் என்பதும், சராசரி எந்த ஷெட்யூலைக் கடினம் என்கிறது என்பதும் வேறு வேறாகப் போகின்றன. அலபாமா ஆதரவாளர்கள் இந்தக் கணக்கைத் தங்களுக்குச் சாதகமாக எடுத்துக்கொள்ளலாம். டெக்சஸும் ஜார்ஜியாவும் அவர்களுடைய இரண்டு பெரிய தேர்வுகள். எடுத்துக்கொள்ளட்டும். அதில் ஒன்றில், சொந்த ஊரில், பத்து புள்ளி வித்தியாசத்தில் தோற்றார்கள்.

கடினமான ஷெட்யூல் என்பது ஓர் அணிமுன் வைத்த கேள்வித்தாள். கேள்வித்தாள் கடினமாக இருந்தது என்பதற்காக மதிப்பெண் தரலாம், தர வேண்டும். எவ்வளவு என்பதுதான் பிரச்சினை. ஒரே ஷெட்யூலை முன்னணி அணிகள் பலவற்றிடம் கொடுத்தால் அவற்றில் எத்தனை இந்த முடிவோடு வெளியே வரும் என்று கேட்பதே எனக்குச் சரியாகப் படுகிறது. ஃப்ளோரிடா ஸ்டேட்டின் 13-ஐயும் தவறாமல் வெல்ல எத்தனை அணிகளால் முடியும்? அலபாமாவின் 13-இல் 12-ஐ வெல்ல எத்தனை அணிகளால் முடியும்? இரண்டுக்கும் விடை மிக நெருக்கமாகவே இருந்திருக்கும். அவ்வளவு நெருக்கமான இடத்தில் ஒரு தோல்வியும் இல்லாத அணிக்குக் கதவு திறக்க வேண்டும்.

கமிட்டி உண்மையில் சாய்ந்தது ஷெட்யூல் மேல் மட்டும் இல்லை. நவம்பர் 18 அன்று நார்த் அலபாமா என்ற சிறிய அணியோடு ஆடும்போது ஃப்ளோரிடா ஸ்டேட்டின் குவார்ட்டர்பேக் (பந்தை வீசித் தாக்குதலை நடத்துபவர்) ஜோர்டன் டிராவிஸின் கால் உடைந்தது. அதே நாள் அலபாமாவும் சட்டனூகா என்ற சிறிய அணியோடு ஆடி 66-10 என்று வென்றது. இருவரும் நவம்பரில் ஒரே மாதிரி எளிய ஆட்டம் வைத்திருந்தார்கள், ஒருவருக்கு மட்டும் அது பேரிழப்பில் முடிந்தது. முக்கிய வீரர் இல்லாததைக் கணக்கில் எடுக்கலாம் என்று விதிமுறை அனுமதிக்கிறது. டிராவிஸ் இல்லாத ஃப்ளோரிடா ஸ்டேட் வேறு அணி என்று கமிட்டித் தலைவர் பூ காரிகன் விளக்கினார். அந்த வேறு அணி என்ன செய்தது? இரண்டாவது குவார்ட்டர்பேக் டேட் ரோட்மேக்கரோடு ஃப்ளோரிடாவை வென்றது. அவருக்கும் தலையில் அடிபட, முதலாமாண்டு மாணவர் பிராக் கிளெனை இறக்கி லூயிவில்லை ஆறே புள்ளிக்குள் அடக்கியது. தன் கால் இன்னும் முன்பே உடைந்திருக்கக் கூடாதா, இந்த அணி குவார்ட்டர்பேக்கை மட்டும் நம்பியதில்லை என்று எல்லோரும் பார்த்திருப்பார்களே என்ற பொருளில் டிராவிஸ் எழுதினார். ஒரு வீரர் அப்படி எழுத வேண்டி வந்தது எனக்கு இன்றும் வலிக்கிறது.

இதே கமிட்டி முறை 2014-இல் எப்படி நடந்தது என்று பாருங்கள். மிச்சிகனோடு ஆடும்போது ஒஹையோ ஸ்டேட்டின் ஜே.டி. பேரட்டின் கணுக்கால் முறிந்தது. மூன்றாவது குவார்ட்டர்பேக் கார்டேல் ஜோன்ஸ் வந்து விஸ்கான்சினை 59-0 என்று வென்றார். மூன்றாமிடத்தில் இருந்த டி.சி.யு. தன் கடைசி ஆட்டத்தை 55-3 என்று வென்றும் ஆறாமிடத்துக்கு இறங்கியது, ஒஹையோ ஸ்டேட் நான்காவதாக நுழைந்தது. பிறகு அலபாமாவையும் ஆரிகனையும் வென்று கோப்பையைத் தூக்கியது. 59-0 எங்கே, 16-6 எங்கே என்று கேட்கலாம். வித்தியாசம் இருப்பது உண்மை. ஆனால் தடுப்பாட்டத்தால் வெல்வதும் வெற்றிதான். ஃப்ளோரிடா ஸ்டேட் தேறி வர, அரையிறுதிக்கு இன்னும் நான்கு வாரம் இருந்தது.

பிளேஆஃபுக்கு வெளியே நடந்த ஆரஞ்ச் பவுல் ஆட்டத்தில் ஃப்ளோரிடா ஸ்டேட்டை ஜார்ஜியா 63-3 என்று அடித்ததே, அதற்கு என்ன பதில் என்பார்கள். பிளேஆஃப் கைவிட்டுப் போனதும் அந்த அணியின் முக்கிய வீரர்கள் பலர் அந்த ஆட்டத்தில் இறங்கவே இல்லை. அந்த ஸ்கோரை வைத்து டிசம்பர் 3-ஐ எடைபோட முடியாது. அலபாமா ரோஸ் பவுல் அரையிறுதியில் மிச்சிகனிடம் கூடுதல் நேரம்வரை போராடித் தோற்றது. நல்ல அணி. அது நல்ல அணி இல்லை என்று நான் எங்கும் சொல்லவில்லை.

மறு ஆண்டு பிளேஆஃப் 12 அணிகளாக விரிந்தது, சண்டை கடைசி இடத்துக்கு நகர்ந்தது. 11-2 என்றிருந்த எஸ்.எம்.யு., 9-3 என்றிருந்த அலபாமா. அலபாமா ஜார்ஜியாவை வென்றிருந்தது, எஸ்.எம்.யு.விடம் அதற்கு ஈடான வெற்றி இல்லை. ஆனால் அலபாமா வேண்டர்பில்ட்டிடமும், ஓக்லஹோமாவிடம் 24-3 என்றும் தோற்றிருந்தது. எஸ்.எம்.யு. தோற்றது பி.ஒய்.யு.விடம் மூன்று புள்ளியில், ஏ.சி.சி. இறுதியில் கிளெம்சனிடம் கடைசி நொடியில் அடித்த 56 யார்ட் ஃபீல்ட் கோலில் (கம்பங்களுக்கிடையே பந்தை உதைத்து எடுக்கும் மூன்று புள்ளி). கமிட்டி எஸ்.எம்.யு.வை எடுத்தது. என் பார்வையில் அதுவே சரி. பென் ஸ்டேட்டிடம் அது 38-10 என்று தோற்ற பிறகு ஷெட்யூல் பற்றிய கூச்சல் இன்னும் பெருத்தது.

அதன் விளைவாக 2025 ஆகஸ்டில் கமிட்டி தன் கணக்கை மாற்றியது. பலமான அணியோடு ஆடும் ஆட்டத்துக்குக் கூடுதல் எடை. அதோடு, அந்த ஷெட்யூலில் அணி என்ன சாதித்தது என்று பார்க்கும் புதிய அளவுகோல். பலமான அணியிடம் தோற்றால் தண்டனை குறைவு, பலவீனமான அணியிடம் தோற்றால் அதிகம். நான் கேட்ட கேள்விக்கு இது நெருக்கமாக வருகிறது, வரவேற்கிறேன். அடுத்த நாளே எஸ்.இ.சி. 2026 முதல் ஒன்பது கான்ஃபரன்ஸ் ஆட்டம் என்று அறிவித்தது. அப்புறம் எனக்கு இருக்கும் கவலை, கான்ஃபரன்ஸுக்கு வெளியே பெரிய ஆட்டம் வைக்க இனி யார் முன்வருவார்கள் என்பது. ஃப்ளோரிடா ஸ்டேட் 2023-இல் எல்.எஸ்.யு., ஃப்ளோரிடா என்று இரண்டு எஸ்.இ.சி. அணிகளோடு ஆடி இரண்டையும் வென்றது. அந்த இரண்டு வெற்றிக்கும் கமிட்டி கொடுத்த மதிப்பு, எல்.எஸ்.யு.வை அலபாமா வென்றதற்குக் கொடுத்த மதிப்பைவிடக் குறைந்துபோனது எப்படி என்பதற்கு இன்றுவரை யாரும் எனக்கு ஒப்பும் காரணம் சொன்னதில்லை.