இன்ஜினை விடுங்கள், தகட்டைப் பாருங்கள்: ஆல்ஃபா ரோமியோ 2000 ஸ்பைடர் வெலோசே

பழைய இத்தாலிய ஸ்போர்ட்ஸ் கார் ஒன்று வேண்டும், ஆனால் வீட்டை அடமானம் வைக்கிற அளவுக்குப் போகக்கூடாது, கண்ணாடிக் கூண்டில் வைத்துப் பார்க்காமல் நிஜமாகவே ஓட்டவும் வேண்டும் என்று யாராவது கேட்டால் நான் சொல்வது எழுபதுகளில் வந்த ஆல்ஃபா ரோமியோ 2000 ஸ்பைடர் வெலோசேதான். என்னிடமும் ஒன்று இருக்கிறது, அதனால் இதில் கொஞ்சம் பாசம் கலந்திருக்கும், அதைக் கழித்துக்கொண்டு படியுங்கள்.

முதலில் எந்த ஸ்பைடர் என்று தெளிவாகிவிடலாம், ஏனென்றால் இதே கார் 1966இல் ஜெனீவா கண்காட்சியில் அறிமுகமாகி 1993 வரை தயாரிப்பில் இருந்தது. வடிவம் இத்தாலிய கார் வடிவமைப்பு நிறுவனமான பினின்ஃபரினா, அதுவும் அதன் நிறுவனர் பத்திஸ்தா இறப்பதற்கு முன் கடைசியாகக் கைவைத்த கார்களில் ஒன்று. ஆரம்பத்தில் வந்தவை படகு மாதிரி உருண்டு ஒடுங்கும் வால் கொண்டவை, இத்தாலிக்காரர்கள் அதைக் கணவாய் ஓடு என்பார்கள். 1970 வாக்கில் வாலை நேராக வெட்டிவிட்டார்கள், 1971இல் 1962 சிசி இன்ஜின் வந்தது, 1983இல் பின்னால் ஒரு கறுப்பு ரப்பர் ஸ்பாய்லரை ஒட்டிக் கெடுத்தார்கள் (என் கருத்து, சண்டைக்கு வராதீர்கள்). சேகரிப்பவர்களுக்கு உருண்டை வால் மேல்தான் மோகம், விலையும் அப்படியே. ஓட்டுவதற்கு வாங்குகிறவருக்கு வெட்டு வால் 2000 போதும். இழுவை அதிகம், டிக்கியிலும் இடம் அதிகம்.

இப்போது முக்கியமான விஷயம், துரு. இந்த காரை விற்கிறவர்கள் எல்லாரும் இன்ஜினைப் பற்றித்தான் பேசுவார்கள். பானெட்டைத் திறந்து, பளபளக்கும் அலுமினிய வால்வு கவரைக் காட்டி, ஸ்டார்ட் செய்து, அந்தச் சத்தத்தைக் கேட்க வைப்பார்கள், நாமும் மயங்கி நிற்போம். நீங்கள் அந்த நேரத்தில் கீழே குனிந்து கதவுக்கு அடியில் நீளமாக ஓடும் சில் தகட்டைத் தட்டிப் பார்க்க வேண்டும். கெட்டியான மேற்கூரை இல்லாத கார் என்பதால் முன்பாதியையும் பின்பாதியையும் சேர்த்துப் பிடித்திருப்பது தரையும் இந்த சில் பெட்டியும்தான். அது வெறும் ஒற்றைத் தகடு இல்லை, உள்ளே, நடுவே, வெளியே என்று அடுக்கடுக்காக இருக்கும். வெளித் தகட்டை மட்டும் புதிதாகப் பற்றவைத்து, பெயின்ட் அடித்து, உள்ளே இருக்கிற அழுகலை அப்படியே மூடிவிடுவது இந்தத் தொழிலில் ரொம்பப் பழைய வித்தை. நான் பார்க்கப்போன ஒரு காரில் வெளியே முகம் பார்க்கலாம் போலப் பளபளப்பு, கார்பெட்டைத் தூக்கினால் கீழே ரோடு தெரிந்தது.

சோதிக்கக் கருவி ஒன்றும் வேண்டாம். கதவை மூடிவிட்டு அதன் பின் விளிம்பில் உள்ள இடைவெளியைப் பாருங்கள், மேலே குறுகியும் கீழே அகன்றும் இருந்தால் வண்டி நடுவில் தொய்ந்திருக்கிறது. அப்புறம் சில்லுக்குப் பக்கத்தில் ஜாக்கி வைத்துத் தூக்கிவிட்டுக் கதவைத் திறந்து மூடிப் பாருங்கள். இறுகினால் நன்றி சொல்லிவிட்டுக் கிளம்பலாம். மெல்லிய துணியில் சுற்றிய காந்தம் ஒன்றைச் சக்கர வளைவுகளில் ஓட்டினால் எங்கே தகடு, எங்கே பட்டி பூசி மறைத்தது என்று தெரிந்துவிடும். ஸ்டெப்னி வைக்கும் குழி, ரேடியேட்டருக்குக் கீழே போகும் குறுக்குச் சட்டம், முன்கண்ணாடியின் கீழ் மூலைகள், மூன்றும் தண்ணீர் தங்கும் இடங்கள், அதனால் துருவும் அங்கேதான் குடியிருக்கும். இவற்றைப் பார்க்க விடாத விற்பனையாளரிடம் விலையே கேட்க வேண்டாம்.

இன்ஜினைப் பற்றிக் கவலை குறைவு என்று சொன்னால் நம்ப மாட்டீர்கள், இத்தாலியக் கார் என்றாலே நடுரோட்டில் நிற்கும் என்று ஒரு பேச்சு இருக்கிறதே. இது முழுக்க அலுமினியம், சிலிண்டருக்குள் வார்ப்பிரும்பு லைனர், மேலே வால்வுகளைத் திறந்து மூடும் கேம்ஷாஃப்ட் இரண்டு, அவற்றைச் சுற்றுவது பெல்ட் அல்ல, செயின். சுமார் 130 குதிரைத்திறன், காரின் எடை ஒரு டன்னை ஒட்டி, அதனால் இன்றைய சாலையிலும் யாருக்கும் வழிவிட்டு ஒதுங்கத் தேவையில்லை. ஆயிலை ஒழுங்காக மாற்றி, சூடேறும் வரை விரட்டாமல் ஓட்டினால் வெகுதூரம் உழைக்கும். அதன் பலவீனம் ஹெட் கேஸ்கட், அதாவது இன்ஜின் பிளாக்குக்கும் மேலே உள்ள ஹெட்டுக்கும் நடுவில் இருக்கும் அடைப்பு. ஆயில் போகும் துளைகளைச் சுற்றி வைத்திருக்கும் சின்ன ரப்பர் வளையங்கள் வருடங்கள் போகப் போக இறுகிவிடும், ஆயில் கூலன்ட்டில் கலக்கும். பார்க்கப்போகும்போது இன்ஜின் குளிர்ந்திருக்கட்டும், ரேடியேட்டர் மூடியைத் திறந்து பழுப்பாகக் குழம்பிக் கிடக்கிறதா என்று பாருங்கள். முன்கூட்டியே சூடாக்கி வைத்திருக்கிறார்கள் என்றால் ஏன் என்று கேளுங்கள்.

ஐரோப்பியக் கார்களில் இரட்டைத் தொண்டை கார்புரேட்டர் இரண்டு, வெபர் கம்பெனியுடையதோ டெல்லோர்ட்டோ கம்பெனியுடையதோ இருக்கும். இரண்டையும் ஒத்துப்போகச் செய்து ட்யூன் பண்ணத் தெரிந்த கைக்கு மரியாதை கொடுங்கள். அமெரிக்காவுக்குப் போனவற்றில் ஸ்பீக்கா என்ற மெக்கானிக்கல் இன்ஜெக்ஷன் இருக்கும், டீசல் பம்ப் மாதிரியான அமைப்பு. சரியாக இருந்தால் அருமையாக ஓடும். ஆனால் அதைத் தொடத் தெரிந்தவர்கள் குறைவு, அதனால் பல பேர் கழற்றிவிட்டு வெபர் போட்டிருப்பார்கள். எத்தனால் கலந்த பெட்ரோல் பழைய ரப்பர் குழாய்களை அரிக்கும் என்பதால், வாங்கியவுடன் டேங்க் முதல் கார்புரேட்டர் வரை எல்லாக் குழாயையும் மாற்றிவிடுங்கள். சின்னச் செலவுதான், சூடான எக்ஸாஸ்ட் பக்கத்தில் பெட்ரோல் சொட்டுவதை நினைத்தால் அதுகூடத் தெரியாது.

ஓட்டும்போது எப்படி? கியர் ராடு டாஷ்போர்டுக்கு அடியிலிருந்து கிட்டத்தட்டப் படுத்தபடி நீண்டு வரும், முதலில் விசித்திரமாக இருக்கும், ஒரு மணி நேரத்தில் மற்ற கார்களின் ராடு எல்லாம் தப்பான இடத்தில் இருக்கிறது என்று தோன்றும். ஐந்து கியர், நான்கு சக்கரத்துக்கும் டிஸ்க் பிரேக், அந்தக் காலத்துக்கு இது பெரிய விஷயம். இரண்டாவது கியரின் சிங்க்ரோ (கியர் உரசாமல் விழ உதவும் வளையம்) சீக்கிரம் தேயும் என்பது ஆல்ஃபா வைத்திருக்கிற எல்லாருக்கும் தெரியும். கியர்பாக்ஸ் ஆயில் சூடாகும் வரை பொறுமையாகப் போடுங்கள், இல்லை டபுள் கிளட்ச், அதாவது நடுவில் நியூட்ரலில் ஒருமுறை கிளட்சை விட்டு மறுபடி மிதித்து மாற்றுவதை, பழகிக்கொள்ளுங்கள். சூடான பிறகும் கரகரத்தால் பெட்டியைப் பிரிக்க வேண்டும், அதை வைத்துப் பேரம் பேசலாம். உட்காரும் விதம் அப்பட்டமான இத்தாலி: கை நீளமாகவும் கால் குட்டையாகவும் இருக்கிறவர்களுக்காக அளவெடுத்தது. நிறுத்தும்போது ஸ்டீயரிங் கனக்கும், நகர்ந்துவிட்டால் விரல் நுனியில் பேசும். மேல் துணியை சீட்டில் உட்கார்ந்தபடியே ஒரு கையால் பின்னால் தள்ளிவிடலாம். இதைவிடச் சுலபமான கூரையை அந்தக் காலக் காரில் நான் பார்க்கவில்லை.

வயரிங் பற்றிய பயம் பாதி உண்மை. ஃபியூஸ்கள் தோட்டா வடிவத்தில் இருக்கும், முனைகளில் களிம்பு பிடிக்கும், விளக்கு எரியவில்லை என்றால் விரலால் ஒரு திருகு, எரியும். அடுத்தது எர்த் பாயின்ட்கள், வயர்கள் காரின் உடலோடு சேரும் இடங்கள். இரண்டையும் சுரண்டிச் சுத்தம் செய்தாலே "இத்தாலியக் கரண்ட்" என்று கிண்டலடிக்கிற கோளாறுகளில் முக்கால்வாசி ஓடிவிடும். வைப்பர் மட்டும் எதற்கும் திருந்தாது.

இதே மோகத்தில் ஃபெராரி 308 பார்க்கிறவர்களும் உண்டு. 1975இல் பாரிஸில் வந்தது, 2926 சிசி வி8, நான்கு வெபர், முதலில் வந்தவற்றின் உடல் ஃபைபர்கிளாஸ். அழகில் அதன் பக்கத்தில்கூட ஸ்பைடரால் நிற்க முடியாது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அதன் கேம் பெல்ட்டுகளை வண்டி ஓடினாலும் ஓடாவிட்டாலும் சில வருடத்துக்கு ஒருமுறை மாற்றியே ஆக வேண்டும், பெல்ட் அறுந்தால் வால்வும் பிஸ்டனும் மோதிக்கொள்ளும், அப்புறம் கணக்கே வேறு. 308இல் அந்த வேலையை இன்ஜினை இறக்காமல் செய்யலாம் என்பது ஆறுதல். ஃபெராரியின் டெஸ்டரோசா, 348 வாங்கினால் ஒவ்வொரு பெல்ட்டுக்கும் இன்ஜினையே கீழே இறக்க வேண்டும். வாங்குகிற காசு இருந்து பராமரிக்கிற காசு இல்லாதவர்கள்தான் அவற்றை விற்கிறார்கள், யாரிடமிருந்து வாங்குகிறோம் என்று யோசியுங்கள்.

ஸ்பைடரின் பலமே உதிரிபாகம்தான். ஒரு லட்சத்துக்கும் மேல் செய்தார்கள், ஆல்ஃபாவின் ஜூலியா, ஜிடிவி கார்களோடு இன்ஜின், கியர்பாக்ஸ், பிரேக் எல்லாம் பங்கு போட்டுக்கொள்கிறது. புரொப்பெல்லர் ஷாஃப்ட்டின் ரப்பர் கப்ளிங்கிலிருந்து சில் தகடு வரை புதிதாகவே கிடைக்கும். தரம்தான் ஒரே மாதிரி இல்லை, மலிவான ரப்பர் ஒரு கோடைக்குள் வெடித்துவிடும், ரப்பரில் மட்டும் மிச்சம் பிடிக்காதீர்கள்.

முன்பணம் கொடுப்பதற்கு முன்னால் சேஸிஸ் எண்ணை வைத்து ஆல்ஃபாவின் ஆவணக் காப்பகத்தில் சான்றிதழ் கேட்டு வாங்குங்கள். எப்போது செய்தது, எந்த நிறம், எந்த நாட்டுக்கு அனுப்பினார்கள் என்பது அதில் வரும். சிவப்பாக இருக்கிற பாதிக் கார்கள் பிறக்கும்போது சிவப்பு இல்லை, விற்பதற்காகச் சிவப்பானவை. பழைய நிறத்தைத் தேட பானெட்டுக்கு அடியிலும் டிக்கி ஓரத்திலும் பாருங்கள். நிறம் மாறியது பெரிய குற்றமில்லை, அசல் என்று சொல்லி அதற்கும் சேர்த்து விலை கேட்டால் அந்தக் காகிதத்தை எடுத்து நீட்டலாம்.