டனல் (2016): இரண்டு தண்ணீர் பாட்டிலை வைத்து எடுத்த பேரழிவுப் படம்

கொரியப் பேரழிவுப் படம் என்று பேச்செடுத்தால் வேலூரிலும் முதலில் வருகிற பெயர் ‘டிரெயின் டு பூசான்’தான். அதே 2016-ல், மூன்று வாரம் தள்ளி வந்த ‘டனல்’ அந்த ரயில் வேகத்தில் அடிபட்டுப் போனது. இதில் ஜாம்பி கிடையாது, ராட்சத அலை கிடையாது. சுரங்கப்பாதை இடிகிறது, ஒருத்தர் உள்ளே மாட்டிக்கொள்கிறார், வெளியே நாடே பார்த்துக்கொண்டிருக்கிறது. அவ்வளவுதான் கதை. ஆனால் மனிதர்கள் எந்த இடத்தில் கை கொடுக்கிறார்கள், எந்த இடத்தில் கையை விடுகிறார்கள் என்பதை இவ்வளவு கணக்காகக் காட்டிய படம் இந்த வகையில் வேறு இல்லை. முடிவைச் சொல்லாமலே எழுதுகிறேன்.

நாயகனாக வரும் ஹா ஜங்-வூ கார் விற்கிறவர். மகளின் பிறந்தநாள் கேக்கோடு வீட்டுக்குக் கிளம்புகிறார். வழியில் பெட்ரோல் பங்கில் காது சரியாகக் கேட்காத பெரியவர் கேட்டதைவிட அதிகமாக நிரப்பிவிட்டு, மனசு கேட்காமல் இரண்டு தண்ணீர் பாட்டிலை நீட்டுகிறார். கொஞ்ச நேரத்தில் ஹாடோ சுரங்கப்பாதை தலைமேல் இறங்குகிறது. இனி கையிருப்பு அந்த இரண்டு பாட்டில், ஒரு கேக், நசுங்கிய கார், 78 சதவீதம் சார்ஜ் உள்ள போன். இயக்குநர் கிம் சொங்-ஹுன் (பின்னால் ‘கிங்டம்’ தொடரின் முதல் சீசனை எடுத்தவர்) படம் முழுக்க இந்தக் கையிருப்பின் கணக்கை விடவே இல்லை.

போன் எப்படிச் செலவாகிறது என்று கவனித்துப் பாருங்கள். செய்தி சேனல்காரர் ஒருவர் உள்ளே சிக்கியவருக்கே போன் போட்டு நேரலையில் பேட்டி எடுக்கிறார். அவருக்கு அது பரபரப்புச் செய்தி, இவருக்கு அது பேட்டரி. மீட்புக் குழுத் தலைவராக வரும் ஓ டால்-சு, போனை அணைத்து வைத்து, பேச வேண்டிய நேரத்துக்கு மட்டும் போடச் சொல்கிறார். நிஜத்திலும் இதுதான் சரி. சிக்னல் பலவீனமாக இருக்கும் இடத்தில் போன் டவரைத் தேடித் தேடியே சார்ஜைத் தின்றுவிடும். மாட்டிக்கொண்டால் அழைப்பைவிட எஸ்எம்எஸ் சிக்கனம், திரையின் வெளிச்சத்தை அடியோடு குறைப்பதும் முக்கியம்.

படத்தின் உயிர் தண்ணீர்க் காட்சியில் இருக்கிறது. பாட்டிலில் கோடு போட்டு, ஒரு நாளைக்கு இவ்வளவுதான் என்று குடிக்கிறார். அப்போது இடிபாட்டுக்குள் இன்னொரு பெண் அகப்பட்டுக் கிடப்பது தெரிய வருகிறது. அவள் தண்ணீர் கேட்கிறாள். கொடுப்பதற்கு முன்னால் ஹா ஜங்-வூ முகத்தைப் பாருங்கள். கை பாட்டிலைப் பிடித்திருக்கிறது, கண் கோட்டைப் பார்க்கிறது, வாய் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு கொடுக்கிறார். அதோடு முடியவில்லை, தன் நாய்க்கும் கொஞ்சம் வேண்டும் என்கிறாள். அவருக்கு எரிச்சல் வருகிறது, அதை மறைக்கவும் இல்லை. ஆனாலும் ஊற்றுகிறார். வள்ளல் மாதிரி கொடுத்திருந்தால் இந்தக் காட்சி மறந்து போயிருக்கும். முணுமுணுத்துக்கொண்டே கொடுப்பதால்தான் நம்ப முடிகிறது. இந்தப் படத்தில் நம்பிக்கை வருவதும் இந்த வழியாகத்தான். பெரிய வசனம் எதுவும் பேசாமல், கோட்டுக்குக் கீழே இறங்கும் தண்ணீராக வருகிறது.

வட ஆற்காட்டுக்காரர்களுக்கு இந்தக் காட்சியை யாரும் விளக்க வேண்டாம். 2019 ஜூலையில் சென்னை வறண்டபோது, மேட்டு சக்கரகுப்பத்திலிருந்து குழாய் போட்டு ஜோலார்பேட்டை ஸ்டேஷனில் 50 வேகன்களில் 25 லட்சம் லிட்டர் நிரப்பி வில்லிவாக்கத்துக்கு அனுப்பினார்கள். அப்போது ஜோலார்பேட்டை வேலூர் மாவட்டத்தில்தான் இருந்தது. நம் குடத்துக்கே தட்டுப்பாடு இருக்கும்போது ஊருக்குக் கொடுப்பதா என்ற கேள்வியும் எழுந்தது, தண்ணீரும் போனது. இரண்டும் சேர்ந்துதான் மனித சுபாவம்.

நல்ல கொரியப் பேரழிவுப் படம் எல்லாமே இந்த ஒரு கேள்வியைத்தான் சுற்றி வருகிறது: இருக்கிற கொஞ்சத்துக்குள் யாரைச் சேர்ப்பது? ‘டிரெயின் டு பூசானில்’ அது ரயில் பெட்டியின் கதவு. உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு வருகிறவர்களுக்கு உள்ளே இருப்பவர்கள் கதவைத் திறக்க மறுக்கிறார்கள். ‘கான்கிரீட் உட்டோபியா’வில் (2023) நிலநடுக்கத்துக்குப் பிறகு நிமிர்ந்து நிற்கிற ஒரே குடியிருப்பின் வாசல். அங்கே கூட்டம் போட்டு, ஓட்டு எடுத்து, ஒழுங்காக விதிமுறை எழுதி, வெளியாட்களைக் குளிரில் தள்ளுகிறார்கள். ‘எமர்ஜென்சி டிக்ளரேஷனில்’ (2022) அது, நோய் பரவிய விமானத்தை இறங்க விடாத ஓடுபாதை. கதவை மூடுகிறவர்கள் யாரும் பிறவி வில்லன்கள் கிடையாது. எல்லோருக்கும் வீட்டில் குழந்தை இருக்கிறது, ஒரு நியாயமும் இருக்கிறது. பயமாக இருப்பது அதுதான்.

‘டனல்’ இந்தக் கதவைத் திரையில் காட்டாமல் கோப்பில் காட்டுகிறது. மேலிருந்து துளை போட்டு இறங்க நாள் கணக்கில் உழைக்கிறார்கள். இறங்கிப் பார்த்தால் ஆள் அங்கே இல்லை. வரைபடத்தில் இருப்பது ஒன்று, கட்டியது வேறு. வரைபடத்தை நம்பி அளந்ததால் துளை தப்பிப் போகிறது. மீட்பு வேலையில் ஒரு தொழிலாளி இறக்கிறார். பக்கத்தில் இன்னொரு சுரங்கப்பாதை வேலை நின்றுபோய் நஷ்டம் ஏறுகிறது. நேற்று வரை அழுதவர்கள், ஒருத்தருக்காக எத்தனை பேர் என்று கணக்குப் பார்க்க ஆரம்பிக்கிறார்கள். கடைசியில் அந்தப் பக்கத்துச் சுரங்கப்பாதைக்கு வெடி வைக்கச் சம்மதம் என்ற தாள் மனைவியின் முன்னால் வருகிறது.

இதைக் கற்பனை என்று கொரியர்கள் ஒதுக்க முடியாது. 1994-ல் சியோலில் சொங்சு பாலம் உடைந்து 32 பேர் இறந்தார்கள். 1995 ஜூன் 29-ல் சாம்புங் வணிக வளாகம் சரிந்து 502 பேர் இறந்தார்கள். அதில் திட்டத்தில் இல்லாத ஐந்தாவது மாடி ஏற்றப்பட்டிருந்தது. விரிசல் தெரிந்த பிறகும் அன்று வியாபாரம் நடந்தது. கடைசியாக ஒரு பெண்ணை உயிரோடு எடுத்தது 17-வது நாளில். 2014-ல் சேவோல் கப்பல் மூழ்கியபோது, இருந்த இடத்திலேயே இருக்கச் சொன்ன அறிவிப்பை நம்பிய பள்ளிப் பிள்ளைகள் போனார்கள். ‘டனல்’ அதற்கு இரண்டு வருடம் கழித்து வந்த படம். அதிகாரிகள் வந்து போட்டோவுக்கு நிற்கும் காட்சியில் தெரியும் கோபம் அங்கிருந்து வருவது.

பே டூ-னாவைத் தனியாகச் சொல்ல வேண்டும். மீட்பு நடக்கும் இடத்திலேயே தங்கி, வேலை செய்கிறவர்களுக்குச் சமைத்துப் போடுகிற மனைவி. வேலூர் சிஎம்சி ஆஸ்பத்திரி ஐசியூ வாசலில் ஒயர் கூடையும் பிளாஸ்க்குமாக உட்கார்ந்திருக்கும், நோயாளியோடு வந்தவர்களின் முகம் அப்படியே அவரிடம் இருக்கிறது. அழுகையைத் தள்ளிப் போட்டுவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கிற முகம். வானொலியில் அவர் கணவரிடம் பேசும் காட்சியை, ஒரு துளி கூட மிகைப்படுத்தாமல் செய்திருக்கிறார்.

குறைகளும் உண்டு. அமைச்சர், அதிகாரி, நிருபர் எல்லோரும் கேலிச்சித்திரமாக நிற்கிறார்கள். ‘கான்கிரீட் உட்டோபியா’ இந்தத் தப்பைச் செய்யவில்லை, அதில் தலைவராக வரும் லீ பியுங்-ஹுனை வெறுக்கவும் முடியாது, ஏற்கவும் முடியாது. சுரங்கத்துக்குள் போன் சிக்னலும் எஃப்எம் வானொலியும் கதைக்கு வேண்டியபோது கிடைப்பது கொஞ்சம் வசதியாக இருக்கிறது. அத்தனை நாள் அடைபட்டுக் கிடந்த உடம்பு இன்னும் வாடியிருக்க வேண்டும். கடைசி அரை மணி நேரம் அவசரம், நடுவில் பொறுமையாகச் சேர்த்ததை அங்கே ஓட்டிவிட்டார்கள்.

பார்ப்பதாக இருந்தால் இரவில், ட்யூப்லைட்டை அணைத்துவிட்டுப் பாருங்கள். பாதிப் படம் தூசியும் இருட்டும்தான். டிவியில் ‘விவிட்’ மோடு இருந்தால் கருப்பெல்லாம் சாம்பலாகத் தெரியலாம், ‘சினிமா’ அல்லது ‘மூவி’ மோடுக்கு மாற்றுங்கள். மண் சரியும் சின்னச் சத்தம்தான் பயமுறுத்துவது. ஃபேன் ஓடும் ஹாலில் அது காதில் விழாது, ஹெட்போன் நல்லது. கொரிய ஒலியை வைத்துக்கொண்டு சப்டைட்டில் படிப்பதே மேல், ஹா ஜங்-வூ தனக்குத்தானே புலம்புவதிலும் சிரிப்பதிலும்தான் பாதி நடிப்பு இருக்கிறது. இரண்டு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல் ஓடும். மூடிய இடம் ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு இது வேண்டாம். வீட்டில் பிள்ளைகள் இருந்தால் முதலில் ‘எக்ஸிட்’ (2019) போடுங்கள், விஷவாயுவிலிருந்து தப்பிக்க மாடி மாடியாக ஏறும் கதை, ரத்தம் குறைவு, சிரிப்பும் உண்டு. ‘டனல்’ அதற்கடுத்து. ‘கான்கிரீட் உட்டோபியா’வைப் பெரியவர்கள் மட்டும், தனியாக ஒரு நாள் வைத்துக்கொள்ளுங்கள். மூன்றையும் ஒரே ஞாயிற்றுக்கிழமையில் பார்க்க முயல வேண்டாம்.