அலபாஸ்டரா, கிரீமியா? எந்த வார்ம் ஒயிட் எந்தச் சுவருக்கு

ஷெர்வின்-வில்லியம்ஸ் என்ற பெயிண்ட் நிறுவனத்தின் ஷேட் கார்டில் அலபாஸ்டரையும் (7008) கிரீமியையும் (7012) பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், இதில் தேர்ந்தெடுக்க என்ன இருக்கிறது என்றுதான் தோன்றும். இரண்டுமே வார்ம் ஒயிட், அதாவது லேசாக மஞ்சள் சாயல் கலந்த வெள்ளை. மேலே விழும் வெளிச்சத்தில் எவ்வளவு திருப்பி அனுப்பும் என்று சொல்லும் எல்ஆர்வி எண்கூட அலபாஸ்டருக்கு 82, கிரீமிக்கு 81. ஆக, அறை எவ்வளவு பளிச்சென்று இருக்கும் என்பதை வைத்து இதை முடிவு பண்ண முடியாது. சாயலை வைத்துத்தான் முடிவு பண்ண வேண்டும். கிரீமியில் மஞ்சள் வெளிப்படையாகவே தெரியும். அலபாஸ்டரிலும் மஞ்சள் உண்டு, ஆனால் கூடவே இருக்கும் லேசான சாம்பல் சாயல் அதை அடக்கி வைத்திருக்கும்.

கார்டில் கண்ணுக்கே படாத இந்த வித்தியாசம் சுவரில் ஏறியதும் பெரிதாகிவிடுகிறது. நாலு சுவருக்கும் ஒரே நிறம் அடித்தால், வெளிச்சம் ஒரு சுவரில் பட்டு எதிர்ச்சுவருக்குப் போய்த் திரும்பி வரும்போதெல்லாம் அந்த மஞ்சள் இன்னும் கொஞ்சம் அழுத்தமாகும். கிரீமி அடித்த அறையின் மூலையைப் பாருங்கள், சுவர்கள் சேரும் இடம் நடுச்சுவரைவிட ஒரு படி கூடுதலாக வெண்ணெய் நிறத்தில் இருக்கும். சின்ன அறைக்குக் கிரீமி வேண்டாம் என்று நான் சொல்வதற்கு முதல் காரணமே இதுதான்.

அப்புறம் பல்பு. அதன் வெளிச்சத்தின் நிறத்தைக் கெல்வின் எண்ணில் சொல்வார்கள். 2700 கெல்வின் பல்பின் வெளிச்சமே மஞ்சள், அதன் கீழே கிரீமி நிஜமாகவே மஞ்சள் சுவராகத் தெரியும், அலபாஸ்டர் அங்கே அழகான கிரீம் நிறத்துக்கு வந்து நிற்கும். இன்னும் வெள்ளையான வெளிச்சம் தரும் 4000 கெல்வின் பல்பு போட்டால் கதை மாறும்: கிரீமி அடங்கிவிடும், அலபாஸ்டர் கிட்டத்தட்ட சாதாரண வெள்ளைதான். நேரடி வெயில் வராத, பகலிலும் கொஞ்சம் நீலம் ஓடும் வெளிச்சமுள்ள அறையில் அலபாஸ்டர் மங்கலாகச் சாம்பல் அடிக்கும். அந்த இடத்தில் யோசிக்காமல் கிரீமிக்குப் போகலாம்.

ஹாலுக்கும் மற்ற அறைகளுக்கும் சேர்த்து ஒரே நிறம் என்றால் என் ஓட்டு அலபாஸ்டருக்கு. 2016-இல் அந்த நிறுவனம் இதைத்தான் அந்த வருடத்தின் நிறமாக அறிவித்தது, ஆனால் நான் சொல்வது அதனால் இல்லை, சாம்பல் நிற டைல்ஸ், மரத்தரை இரண்டோடும் இது சண்டை போடாது. கிரீமிக்குச் சாம்பல் தரை ஒத்து வராது, பக்கத்தில் சுத்த வெள்ளையில் கதவோ ஜன்னல் சட்டமோ இருந்தால் சுவர் பழசாகி மஞ்சளடித்த மாதிரி ஆகிவிடும். கிரீமிதான் வேண்டும் என்றால் கதவு, சட்டம், சீலிங் எல்லாவற்றுக்கும் அதே கிரீமியையே அடித்து, கதவுக்கு மட்டும் பளபளப்பைக் கூட்டிக்கொள்ளுங்கள்.

சாம்பிளை நேராகச் சுவரில் பூசிப் பார்க்காதீர்கள், சுற்றியுள்ள பழைய நிறம் கண்ணை ஏமாற்றும். பெரிய வெள்ளை அட்டையில் ஓரம் விட்டு இரண்டு கோட் அடித்து, நன்றாகக் காய்ந்த பிறகு ஜன்னல் பக்கச் சுவரிலும் அதற்கு எதிர்ச்சுவரிலும் மாற்றி மாற்றி வைத்து, பகலில் ஒரு தடவை, ராத்திரி பல்பு போட்டு ஒரு தடவை பாருங்கள்.