ஒரே துப்பாக்கி, இரண்டு விலங்குகள்: மானுக்கும் எல்க்குக்கும் எந்தத் தோட்டா?

அமெரிக்காவின் கொலராடோவில் அக்டோபர் கடைசியில் தொடங்கும் இரண்டாவது ரைபிள் வேட்டைப் பருவத்தில், ஒரே ஆள் மான் வேட்டைக்கான உரிமச் சீட்டையும், எல்க் என்ற பெரிய மானினத்துக்கான சீட்டையும் சேர்த்தே வைத்திருக்கலாம். காலையில் ஓக் புதர்களுக்கு நடுவே 80 கிலோ மியூல் மான் எதிர்ப்படும். அதே நாள் மாலையில் ஆஸ்பென் மரங்களின் ஓரமாக 300 கிலோவைத் தாண்டிய ஆண் எல்க் வந்து நிற்கும். கடமானைப் பார்த்தவர்களுக்கு ஓர் அளவு சொல்வதென்றால், நன்கு வளர்ந்த ஆண் கடமானைவிடவும் எல்க் ஒரு சுற்றுப் பெரியது. எலும்பும் அதற்கேற்ற கனம். கையில் இருப்பதோ ஒரே துப்பாக்கி. அதற்குள் எந்தத் தோட்டாவைப் போடுவது என்பதுதான் ஒவ்வோர் ஆண்டும் செப்டம்பரில் என்னிடம் வந்து சேரும் கேள்வி.

கேட்பவர்களில் பெரும்பாலோர் துப்பாக்கிக் குழலின் விட்டத்தைப் பற்றித்தான் கேட்கிறார்கள். நான் குண்டைப் பற்றிப் பேசத் தொடங்கிவிடுகிறேன். இரண்டும் வேறு. தோட்டா என்பது பித்தளைக் கூடு, அதன் அடியில் தீப்பொறி தரும் பிரைமர், உள்ளே வெடிமருந்து, வாயில் செருகிய குண்டு எல்லாம் சேர்ந்த முழுப் பொருள். குழலை விட்டு வெளியேறி விலங்கைச் சேர்வது குண்டு மட்டும்தான். அது எப்படிச் செய்யப்பட்டிருக்கிறது என்பதைப் பொறுத்தே விலங்கு பத்து நொடியில் சாய்வதும், இரவெல்லாம் வேதனையோடு அலைவதும்.

இருந்தாலும் தோட்டாப் பெயர்களை முதலில் பார்த்துவிடலாம். அதில் அதிக நேரம் செலவிடத் தேவையில்லை. 30-06 ஸ்பிரிங்ஃபீல்டு 1906-இல் அமெரிக்க ராணுவத்துக்காக வந்தது. அதன் கூட்டை ஒட்டிப் பிறந்த .270 வின்செஸ்டர் 1925-இல் வந்தது. 6.5 கிரீட்மோர் இந்த நூற்றாண்டின் குழந்தை. இலக்குச் சுடும் போட்டிக்காகப் பிறந்து வேட்டைக்குள் நுழைந்தது. எண்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் படம் தெளிவாகும். 6.5 கிரீட்மோர் 143 கிரெய்ன் (குண்டு எடையின் அலகு; ஒரு கிராமுக்குச் சுமார் 15 கிரெய்ன்) குண்டை நொடிக்கு 2,700 அடி வேகத்தில் அனுப்புகிறது. 30-06, 180 கிரெய்ன் குண்டை அதே 2,700 அடி வேகத்தில் அனுப்புகிறது. குழல் வாயில் ஆற்றல் முன்னதற்கு 2,300 அடி-பவுண்டுக்குச் சற்று மேல், பின்னதற்கு 2,900. .270 இரண்டுக்கும் இடையில் நிற்கிறது: 130 கிரெய்ன், 3,060 அடி வேகம், 2,700 அடி-பவுண்டு. கொலராடோ சட்டம் கேட்பது 100 கெஜத்தில் 1,000 அடி-பவுண்டு, எல்க்குக்குக் குறைந்தது 85 கிரெய்ன் எடை, மோதியதும் விரியும் குண்டு. மூன்றும் அந்த வரம்பை எளிதாகத் தாண்டிவிடுகின்றன.

மானுக்கு இந்த மூன்றில் எதுவும் தாராளம். எல்க்கையும் சேர்த்தால் 30-06 என் முதல் தேர்வு. கனமான குண்டைத் தாங்கும். எந்தச் சிற்றூர்க் கடையிலும் கிடைக்கும். சுடும்போது தோளில் விழும் உதையும் பெரும்பாலோரால் தாங்கக்கூடியது. 6.5 கிரீட்மோர் வைத்திருப்பவர் எல்க்குக்குப் போகக் கூடாது என்று நான் சொல்ல மாட்டேன். தூரத்தை 250 கெஜத்துக்குள் வைத்துக்கொள்ளுங்கள், உறுதியான குண்டைப் போடுங்கள், விலங்கு பக்கவாட்டில் நிற்கும்வரை பொறுத்திருங்கள். .300 வின்செஸ்டர் மேக்னம் 180 கிரெய்னை 2,960 அடி வேகத்தில் தள்ளி 3,500 அடி-பவுண்டு தருவது உண்மை. அதன் உதைக்குப் பயந்து விசையை இழுக்கும் கணத்தில் கண்ணை மூடிக்கொள்கிறவர்களைச் சுடுகளத்தில் வாரந்தோறும் பார்க்கிறேன். குடலில் பாயும் 3,500 அடி-பவுண்டைவிட நுரையீரலில் இறங்கும் 2,300 ஆயிரம் மடங்கு கருணையானது.

இனி குண்டுக்கு வருவோம். என் மேசை இழுப்பறையில் ஒரு சிறு தகர டப்பா இருக்கிறது. அதில் கிடக்கும் ஒன்றைக் கையில் எடுத்தால் கனமே தெரியாது. வெளிப்புறச் செம்பு உறை மட்டும், வாடிய பூவின் இதழ்போல் சுருண்டு, உள்ளே காலியாக. நான் மேக்னம் துப்பாக்கி வைத்திருந்த காலத்தில், 70 கெஜத்தில் என்னை நோக்கிச் சற்றுத் திரும்பி நின்ற ஒரு பெண் எல்க்கின் தோளில் சுட்ட குண்டு அது. மான் வேட்டைக்கென்று விற்கப்பட்ட, மெல்லிய உறைக்குள் ஈயம் வைத்த சாதாரணக் குண்டு. அவ்வளவு கிட்டத்தில், அவ்வளவு வேகத்தில் தோள்பட்டை எலும்பில் மோதியதும் உறையும் ஈயமும் பிரிந்து நொறுங்கிவிட்டன. நெஞ்சுக்குள் எதுவும் போகவில்லை. பனியில் சொட்டுச் சொட்டாகக் கிடந்த ரத்தச் சுவட்டைப் பிடித்துக்கொண்டு நான்கு மணி நேரம் நடந்து, இரண்டாவது குண்டால்தான் அதன் வேதனையை முடித்தேன். அறுக்கும்போது தோலுக்கும் எலும்புக்கும் இடையில் இந்தச் செம்பு உறை அகப்பட்டது. ஆற்றலுக்கு அங்கே குறைவே இல்லை. உள்ளே இறங்கக் குண்டுதான் மிஞ்சவில்லை.

ஈயக் குண்டைக் குறை சொல்வதற்காக இதைச் சொல்லவில்லை. மெல்லிய உறையிட்ட ஈயக் குண்டு மானுக்கு மிக நன்றாக வேலை செய்கிறது. ஈயம் மிருதுவானது, குறைந்த வேகத்திலும் விரியும், மானின் மெல்லிய விலா எலும்புக்குப் பின்னால் உடனே அகன்று நுரையீரலைக் கிழித்துவிடும். விலையும் குறைவு. 30-06-இலோ .270-இலோ மான் மட்டும் வேட்டையாடுகிறவருக்கு அந்தப் பெட்டியே போதும் என்றுதான் பல ஆண்டுகள் சொல்லிவந்தேன்.

எல்க்கின் தோளுக்குத்தான் அது போதாது. இந்தக் குறையை முதலில் தீர்க்க முயன்றவர்களில் ஒருவர் ஜான் நாஸ்லர். 1946-இல் கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில், சேறு அப்பிக் காய்ந்த உடலோடு நின்ற மூஸ் என்ற மிகப் பெரிய மானின விலங்கு ஒன்றின் மீது அவர் சுட்ட குண்டுகள் ஆழமாக இறங்காமல் போயின. ஊர் திரும்பியவர் குண்டின் நடுவே செம்புக் கலவையால் ஒரு தடுப்புச் சுவர் வைத்தார். முன்பாதி ஈயம் விரிந்து நொறுங்கினாலும் சுவருக்குப் பின்னால் இருக்கும் பாதி கலையாமல் உள்ளே போய்க்கொண்டேயிருக்கும். பார்ட்டிஷன் என்ற அந்தக் குண்டு இன்றும் விற்கிறது; எல்க்குக்கு இன்றும் நம்பலாம். பிறகு வந்தவை ஈயத்தையும் உறையையும் பிரியாதபடி ஒன்றாகப் பிணைத்த குண்டுகள். மானுக்கும் எல்க்குக்கும் ஒரே பெட்டி, விலையும் கையைக் கடிக்கக் கூடாது என்பவருக்கு இந்தப் பிணைத்த வகை மிக நல்ல நடுவழி. கிட்டத்தில் நொறுங்காது, தூரத்தில் விரியவும் மறுக்காது.

மூன்றாவது வகை ஈயமே இல்லாத முழுச் செம்புக் குண்டு. 1989-இல் பார்ன்ஸ் நிறுவனம் எக்ஸ் என்ற பெயரில் கொண்டுவந்த குண்டுதான் இந்த வகையைப் பரவச் செய்தது. முனையில் ஒரு குழி. மோதியதும் நான்கு இதழாகப் பின்னோக்கி மடியும். எடை ஏறக்குறைய முழுவதும் அப்படியே இருக்கும். என் டப்பாவில் இப்படி ஒன்றுதான் இருக்கிறது, ஏனென்றால் மற்றவை விலங்கின் மறுபக்கம் வழியே வெளியேறிவிட்டன. எல்க்கில் எனக்கு வேண்டியது அதுதான்: இரண்டு துளை, இரண்டு பக்கமும் ரத்தம், தேடிப் போக வேண்டிய தூரம் நாற்பது அடிவைப்பு.

செம்புக்கும் குறைகள் உண்டு. ஈயத்தைவிட அடர்த்தி குறைவு என்பதால் அதே எடைக்குக் குண்டு நீளும். எனவே ஒரு படி இலேசானதை எடுக்க வேண்டும். 30-06-இல் ஈயம் என்றால் 180 கிரெய்ன், செம்பு என்றால் 165 போதும். விரிவதற்கு வேகமும் தேவை, நொடிக்கு 1,800 முதல் 2,000 அடியாவது. 30-06-இல் அந்த எல்லை 400 கெஜத்துக்கு அருகில் வந்துவிடும். அதற்கு அப்பால் சரியாக விரியாமல் ஊசிபோல் துளைத்துப் போய்விடும் அபாயம் இருக்கிறது. மெலிந்த மான் ஒன்றைச் செம்பால் விலாவில் சுட்டபோது, குண்டு சரியான இடத்தில் பட்டும் அது 150 அடிவைப்பு ஓடித்தான் விழுந்தது. ஈயமாக இருந்திருந்தால் அவ்வளவு தூரம் போயிருக்காது என்றே நினைக்கிறேன். விலையும் கூடுதல்.

அப்படியிருந்தும் நான் செம்புக்கு மாறியதற்குக் காரணம், சுட்ட பிறகு நடப்பவை. ஈயக் குண்டால் விழுந்த மானை எக்ஸ்ரே எடுத்தால், துளையைச் சுற்றிக் கைமுட்டி அளவு தூரத்துக்கும் அப்பால் வெள்ளைப் புள்ளிகள் தெரியும். மிளகைப் பொடித்துத் தூவியதுபோல் சிதறிய ஈயத்துகள்கள். பல, கண்ணுக்கே தெரியாதவை. 2008-இல் வட டகோட்டாவில் ஏழைகளுக்கான உணவு வழங்கும் இடங்களுக்கு வேட்டைக்காரர்கள் கொடுத்த மான் கொத்துக்கறியில் ஈயத் துகள்கள் கண்டுபிடிக்கப்பட்டன. இருந்த கறியைக் கொட்டிவிடும்படி சுகாதாரத் துறை சொன்னது. என் வீட்டில் அந்தக் கறியைச் சாப்பிடுவது சின்னக் குழந்தைகள்.

மலையில் நாம் விட்டுவரும் குடல் குவியலுக்கும் விருந்தாளிகள் உண்டு. காக்கையும் கழுகும் ஒரு மணி நேரத்துக்குள் வந்துவிடும். செத்த விலங்குகளைத் தின்று வாழும் கலிஃபோர்னியா காண்டர் என்ற பெரிய பறவை 1982-இல் உலகிலேயே 22 தான் எஞ்சியிருந்தது. இன்றும் அந்தப் பறவையைக் கொல்லும் முதல் காரணம் ஈய நச்சு. கலிஃபோர்னியா 2019 ஜூலை முதல் வேட்டைக்கு ஈயக் குண்டையே தடை செய்துவிட்டது. அரிசோனாவின் கைபாப் பீடபூமியில் வேறு வழி: 2005 முதல் அரசே வேட்டைக்காரர்களுக்கு ஈயமில்லாத தோட்டாவை இலவசமாகக் கொடுத்தது, ஈயத்தைப் பயன்படுத்துகிறவர் குடலை மலையில் விடாமல் எடுத்துவரச் சொன்னது. கட்டாயமில்லாமலே மிகப் பெரும்பாலோர் ஒத்துழைத்தார்கள். எனக்கு அரிசோனா வழிதான் பிடித்திருக்கிறது. வேட்டைக்காரனைப் போல் மலையை நேசிப்பவன் இல்லை. அவனிடம் விவரத்தைச் சொன்னால் போதும்.

எதை வாங்கினாலும் பருவத்துக்கு ஒரு மாதம் முன்பே இரண்டு பெட்டி வாங்குங்கள். ஒரே எடை, ஒரே தோட்டாப் பெயர் என்றாலும் ஒவ்வொரு பெட்டியும் ஒவ்வோர் இடத்தில் படும். என் 30-06-இல் பழைய ஈயக் குண்டுக்கும் இப்போதைய செம்புக் குண்டுக்கும் 100 கெஜத்தில் மூன்று அங்குலம் வித்தியாசம் இருந்தது. செம்புக்கு மாறுவதற்கு முன் குழலை நன்றாகத் துடைத்துவிடுங்கள்; பழைய படிவின் மேல் சுட்டால் குண்டுகள் சிதறக்கூடும். 165 கிரெய்ன் குண்டை 100 கெஜத்தில் இரண்டு அங்குலம் மேலே படும்படி குறிபார்க்கும் ஸ்கோப்பைத் திருத்தினால் 200 கெஜத்தில் நேராகவும், 300-இல் எட்டு அங்குலம் கீழேயும் படும். அந்த எண்களை ஒரு சிறு தாளில் எழுதித் துப்பாக்கிக் கட்டையில் ஒட்டி வையுங்கள். ஆஸ்பென் ஓரத்தில் எல்க் வந்து நிற்கும்போது மூச்சு இரைக்கும், நினைவில் எதுவும் நிற்காது.