குங்குமம் கறுத்த கதை: ஆர்த்தோ பிலிமோடு நாலு வருசம்

தாத்தா விட்டுப்போன மடிப்புக் கேமராவில் நாலு வருசமாக இல்ஃபோர்ட் ஆர்த்தோ பிளஸ் என்கிற கறுப்பு-வெள்ளை பிலிம் போட்டு எடுக்கிறேன். 120 அளவுச் சுருள், ஒளியுணர்வு ஐஎஸ்ஓ 80. சிங்கப்பூரிலிருந்து ரங்கூன் வரும் சொந்தக்காரர்களிடம் சொல்லி வாங்கிவரச் சொல்வேன்.

முதல் சுருளைப் பிரிண்ட் போட்டதும் அத்தை கேட்டார்: "ஏன்டா, நெத்தியில கரியை அப்பி வச்சிருக்க?" இந்த பிலிமுக்கு நீலமும் பச்சையும்தான் தெரியும், சிவப்பு தெரியாது. குங்குமம், வெற்றிலை போட்ட உதடு, பிக்குகளின் செந்துவராடை எல்லாமே கறுப்பு.

ஆனால் அதே படத்தில் அத்தையின் இமைமயிரை ஒவ்வொன்றாக எண்ணலாம். எல்லா நிறமும் தெரிகிற இன்னொரு கறுப்பு-வெள்ளை பிலிமான எஃப்பி4-இல் எடுத்தது கொஞ்சம் மழுங்கல். 'ஆர்த்தோதான் கூர்மை' என்று ஆறு மாதம் எல்லாரிடமும் சொல்லித் திரிந்தேன். அது பாதிதான் சரி.

சந்தேகம் வந்து, காளி கோயில் கோபுரத்தை டிரைபாட் வைத்து இரண்டு பிலிமிலும் எடுத்தேன். லென்ஸ் துவாரத்தை அகலமாகத் திறந்த எஃப் 4.5-இல் ஆர்த்தோவில் பொம்மைகளின் விரல்கூடப் பிரிந்து நிற்கிறது. துவாரத்தைச் சுருக்கிய எஃப் 11-இல் பூதக்கண்ணாடி வைத்தாலும் வித்தியாசம் இல்லை. காரணம் லென்ஸ். பழைய லென்ஸ்கள் பலவற்றில் நீலமும் மஞ்சளும் ஒரே இடத்தில் குவியும், சிவப்பு மட்டும் தள்ளி விழும். பிலிமுக்குப் பதில் இருந்த அந்தக் காலத்துக் கண்ணாடித் தகடுகளுக்கே சிவப்பு தெரியாதபோது லென்ஸ் செய்தவர்கள் ஏன் அதைப் பார்க்கப்போகிறார்கள்? சிவப்பையும் பார்க்கும் எஃப்பி4 அந்தக் கலங்கலையும் சேர்த்துப் பதிகிறது. அதில் பச்சை ஃபில்டர் மாட்டினால் ஏறக்குறைய ஆர்த்தோ மாதிரியே வருகிறது, வெளிச்சம்தான் நட்டம். மச்சானின் புது லென்ஸிலோ எந்த பிலிம் போட்டாலும் ஒன்றுதான்.

தூரக்காட்சிக்கு ஆர்த்தோவை நம்பாதீர்கள். ஜனவரிக் காலையில் ரங்கூன் ஆற்றின் பான்சோடான் படகுத்துறையிலிருந்து எதிரே உள்ள டலா கரையை எடுத்தால் வெறும் வெள்ளைப் புகை. தூரத்து மெல்லிய புகைமூட்டத்தில் சிதறுவது பெரும்பாலும் நீலம், இந்த பிலிமுக்குப் பிடித்ததும் அதுதான். எஃப்பி4-உம் ஆரஞ்சு ஃபில்டரும் போட்ட படத்தில் அக்கரை மரங்கள் தெரிந்தன. ஒருமுறை சிவப்பு ஃபில்டரைக் கழற்ற மறந்து ஆர்த்தோவில் பன்னிரண்டு படமும் எடுத்தேன். கழுவினால் கண்ணாடி போல வெறும் சுருள்!

குண்டு பல்பு வெளிச்சத்தில் சிவப்புதான் அதிகம், அதனால் ஆர்த்தோ அங்கே ஐஎஸ்ஓ 40தான். ஷட்டர் அதிக நேரம் திறந்திருக்கும், கை ஆடும், கூர்மை அங்கேயே போயிற்று.

எனக்குப் பிடித்தது கழுவுவதுதான். கருஞ்சிவப்பு விளக்கில், தட்டில் சுருளை ஏற்றி இறக்கும்போது முகம் மெல்லக் கறுத்து எழுவதைக் கண்ணாலேயே பார்க்கலாம்.

முகத்துக்கு ஆர்த்தோ, ஆற்றுக்கு எஃப்பி4 என்று இப்போது வைத்திருக்கிறேன். அத்தை மட்டும், "எந்த பிலிம்டா?" என்று கேட்டுவிட்டுத்தான் உட்காருவார்.